சூழல்: தொலைபேசி

அகராதி அலுவலகத்தில் அவருக்கு அட்டைக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய பத்து வெள்ளை அட்டைகள், அவற்றைக் கட்ட ஒரு ரப்பர் வளையம், ஒரு பென்சில். பேருந்தில் ரெண்டு பேர் சண்டை போட்டால் மற்றவர்கள் விலக்கப் போவார்கள், இல்லாவிட்டால் வேடிக்கை பார்ப்பார்கள். இவர் அட்டையை எடுப்பார். பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோதுகூட, வெளியே யாரோ போட்ட கூச்சலில் நல்ல தொடர் ஒன்று காதில் விழுந்ததென்று பையைத் துழாவினாராம். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் இல்லை. அகராதியையே கட்டிக்கொண்டவர் என்று கேலி பேசுவார்கள். அவருக்கும் உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்த அலுவலகம் பதினொரு வருஷமாக மரபுத்தொடர்களுக்கு என்றே ஒரு அகராதி செய்துகொண்டிருந்தது. சந்தோஷத்துக்கு ஒரு பிரிவு, கோபத்துக்கு ஒன்று, ஏமாற்றத்துக்கு ஒன்று என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்ததில், அட்டைக்காரர் தலையில் விழுந்தது ‘சிக்கல்’ பிரிவு. மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டு முழிக்கும்போது வாயில் என்னென்ன வருமோ அத்தனையும் அவர் பொறுப்பு. அட, எவ்வளவு வருகிறது! நாம் சந்தோஷமாக இருக்கிறோம் என்று சொல்ல முக்கி முனகி நாற்பது தொடர்தான் தேறியது. மாட்டிக்கொண்டோம் என்று சொல்ல முந்நூற்றுக்கும் மேலே.

ஒவ்வொரு அட்டையிலும் ஐந்து கட்டங்கள். தொடர், பொருள், தோற்றம், யார் எப்போது சொன்னது, சூழல். இதில் மூன்றாவது கட்டம்தான் அவருக்கு உயிர். ஒரு தொடர் எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று தோண்ட ஆரம்பித்தால் சாப்பாடு தண்ணி மறந்துபோகும். ‘கிடுக்கிப்பிடி’ சுலபம், கொல்லன் பட்டறையில் பழுத்த இரும்பைப் பிடிக்கிற கிடுக்கியிலிருந்து வந்திருக்கும் என்று எழுதினார். ‘நாக்குத் தள்ளுது’ மேட்டில் பாரம் இழுக்கிற மாட்டைப் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம் என்று எழுதி, பக்கத்தில் ‘ஊகம்’ என்று நேர்மையாகப் போட்டார். ‘விழி பிதுங்குது’ என்பதற்கு ரெண்டு ஊகம் வைத்து, எதை விடுவது என்று ஒரு மாசம் தூக்கமில்லாமல் கிடந்தார். ஐந்தாவது கட்டத்தைப் பற்றி அவர் அவ்வளவாக அலட்டிக்கொண்டதில்லை.

அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தபோது வினை வந்தது.

மெய்ப்புப் பார்க்கிற அம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி என்று பெயர். அந்த அம்மா கண்ணில் ஒரு புள்ளி தப்பாது. திங்கட்கிழமை காலையில் ஒரு கட்டு அட்டைகளைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார். வைத்த வைப்பிலேயே வில்லங்கம் தெரிந்தது.

“சார், முப்பத்தொரு அட்டை. எல்லாம் ஒரே ஆள் சொன்னது. ‘பா., பெண், 46’. யாரு சார் இந்த பா.?”

“என் தங்கச்சி, மேடம். வீட்ல பாப்பான்னு கூப்பிடுவோம்.”

“நல்லா பேசுறாங்க. உங்க பிரிவுலயே இவங்க சொன்னதுதான் உசிரோட இருக்கு. ஆனா சூழல் கட்டத்தைப் பாருங்க. முப்பத்தொண்ணுலயும் ‘தொலைபேசி’, ‘தொலைபேசி’, ‘தொலைபேசி’. இதென்ன சார் சூழல்? போன்ல பேசினாங்கன்னு எழுதினா ஆச்சா? என்ன நடந்ததுன்னு பேசினாங்க?”

“என்னமோ வீட்டுப் பிரச்சினைதான் மேடம். பொருள் சரியாத்தான் எழுதியிருக்கேன்.”

“எப்படி சார் சரி? முடி வெட்டுற கடையில கூட்டமா இருந்தாலும் நாக்குத் தள்ளுதும்பாங்க, வீடே இடிஞ்சு விழுந்தாலும் நாக்குத் தள்ளுதும்பாங்க. எவ்வளவு பெரிய கஷ்டத்துக்குச் சொன்னாங்கன்னு தெரியாம பொருள் எழுதினா அது பொருளா? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுங்க. இல்லேன்னா முப்பத்தொண்ணையும் எடுத்துடுவேன்.”

அட்டைக்காரர் கட்டை அவசரமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த முப்பத்தொன்றை உருவினால் பிரிவே சொத்தையாகிவிடும்.

“அவளுக்கு போன் போட்டு...” என்று இழுத்தார்.

“நேர்ல போய்க் கேளுங்க. போன்ல கேட்டுத்தானே இந்த லட்சணம்,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

போகச் சொல்வது சுலபம். அண்ணனும் தங்கையும் பேசி எட்டு மாசம் ஆகிறது என்று பூதக்கண்ணாடிக்கு எப்படித் தெரியும்?

விஷயம் இதுதான். அம்மா இறந்தபிறகு அப்பா பாப்பா வீட்டில் மூன்று வருஷம் இருந்தார். அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. பாப்பாவின் வீட்டுக்காரர் சரக்கு லாரி ஓட்டுகிறவர், மாசத்தில் பத்து நாள் வீடு தங்கினால் அதிகம். பிள்ளைகள் இல்லை. பாப்பாவுக்கு ஒரு சலவைக் கடையில் வேலை. அட்டைக்காரர் ஞாயிறு தவறாமல் காலை பதினொரு மணிக்குத் தங்கைக்கு போன் செய்து பதினைந்து நிமிஷம் பேசுவார். அதில் அவரைக் குறை சொல்லவே முடியாது, ஒரு ஞாயிறு தவறியதில்லை. பிறகு ஒரு நாள் பாப்பா அப்பாவைக் கொண்டுபோய் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டாள். சேர்த்தபிறகுதான் சொன்னாள். இவர் விழுந்தடித்துக்கொண்டு இல்லத்துக்கு ஓடினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யாரு தம்பி நீங்க?” என்று கேட்டார். இவருக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கே தங்கைக்கு போன் போட்டுக் கத்தினார். “பெத்த அப்பாவைக் கொண்டுபோய்த் தள்ளிட்டியே, உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? அங்கே விட்டதாலதான் என்னையே மறந்துட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னியா?”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு இவர் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை. தப்பு செய்தவள் அவள்தானே, அவளே கூப்பிடட்டும் என்று எட்டு மாசமாக முறுக்கிக்கொண்டு இருந்தார். அப்பாவையும் பிறகு போய்ப் பார்க்கவில்லை. பெற்றவர் வாயால் யாரென்று கேட்பதை இன்னொரு தடவை தாங்க முடியாது என்று சாக்கு சொல்லிக்கொண்டார். ஆனால் ஞாயிறு பதினொரு மணி ஆனால் கை தானாக போன் பக்கம் போகும். கூடப்பிறந்தவள் ஒருத்திதான். அவளும் இல்லையென்றால் இவருக்கு இந்த உலகத்தில் யார்? வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

ஆக, புதன்கிழமை அவர் தங்கையைப் பார்க்கக் கிளம்பியது அகராதிக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான். அட்டைகளைத் தேதி வரிசையில் அடுக்கினால் கேட்கச் சுலபமாக இருக்குமென்று பேருந்தில் உட்கார்ந்து அடுக்கினார். அத்தனை நாளும் அவை எழுத்து வரிசையில் மற்ற அட்டைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தவை. அடுக்கினபிறகு ஒன்றே ஒன்றுதான் அவர் கண்ணில் பட்டது. ஆரம்பத்தில் மாசம் ஒன்று, பிறகு மாசம் ரெண்டு, கடைசி ஐந்து மாசம் கிட்டத்தட்ட வாரம் ஒன்று. அட, கடைசியில் நிறைய கொடுத்திருக்கிறாளே என்றுதான் அப்போதும் நினைத்தார். பாவி மனுஷன்.

சலவைக் கடை ஒரு குறுகலான நீள அறை. முன்னால் மரப்பலகை போட்ட மேசை, அதன் பின்னால் கம்பியில் வரிசையாக பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஊக்கு குத்திய எண் சீட்டு. அதற்கும் பின்னால் நீராவி இஸ்திரி இயந்திரம். பாப்பா ஒரு வெள்ளைச் சட்டையின் கையை விரித்துப் போட்டு, காலால் மிதியை அழுத்தினாள். மேல்பலகை இறங்கி, புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஆவி விலகியபோது அண்ணனைப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்ததற்கு, நெற்றிக்கு மேலே நரை பட்டையாக விழுந்திருந்தது.

“என்ன, வழி தப்பி வந்துட்டியா?”

“இல்ல பாப்பா. உன்னைப் பார்க்கத்தான்...” என்று ஆரம்பித்தவருக்கு, அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை. “ஆபீஸ் வேலையா வந்தேன். நீ சொன்ன தொடர் முப்பத்தொண்ணு இருக்கு. எந்தச் சூழல்ல சொன்னேன்னு எழுதலேன்னா எடுத்துடுவாங்களாம். அதான் கேட்டுட்டுப் போகலாம்னு.”

பாப்பா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்க நன்றாக இல்லை.

“நான்கூட ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன். சரி, வாசி. சாயங்காலத்துக்குள்ள நாப்பது சட்டை முடிக்கணும். கை வேலை செய்யும், வாய் சும்மாதானே இருக்கு.”

மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து பென்சிலைக் கூர்பார்த்துவிட்டு முதல் அட்டையை எடுத்தார்.

“கையும் ஓடல காலும் ஓடல. மார்ச் ஒம்பது.”

“அந்த வாரம் வெள்ளிக்கிழமை அப்பா காணாமப் போனார். காலையில பேப்பர் வாங்கிட்டு வரேன்னு போன மனுஷன், மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் ஆளைக் காணோம். செருப்பு போட்டுக்கக்கூட மறந்து தெருத்தெருவா ஓடினேன். கடைசியில பேருந்து நிலையத்துல, ஒரு பெஞ்சுல, சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். வீட்டுக்குப் போற பஸ் எந்த எண்ணுன்னு மறந்துட்டாராம். வர்ற பஸ்ஸையெல்லாம் எண்ணிக்கிட்டு இருந்திருக்கார்.”

“இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே!”

“சொல்ல ஆரம்பிச்சேன். கையும் ஓடல காலும் ஓடலன்னு எடுத்தேன். நீ நிறுத்தி, யாராவது காலை முன்னால வெச்சு ‘காலும் ஓடல கையும் ஓடல’ன்னு சொல்லிக் கேட்டிருக்கியான்னு கேட்டே. இல்லேன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டே. அதோட உன் பதினஞ்சு நிமிஷம் முடிஞ்சுபோச்சு.”

அட்டைக்காரர் குனிந்து பார்த்தார். தோற்றம் கட்டத்தின் கீழே, தன் கையெழுத்தில், மணிமணியாக ஒரு குறிப்பு: ‘கை முன், கால் பின். மாற்றிச் சொல்வதில்லை.’ அந்தக் குறிப்புக்காக அவரை ஆசிரியர் கூட்டத்தில் பாராட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் இருந்த ‘தொலைபேசி’யை அடித்துவிட்டு, ‘தந்தையைக் காணவில்லை’ என்று எழுதினார்.

“அடுத்தது?”

“செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கேன்.”

“சாயங்காலம் நாலு மணி ஆனா அப்பா சாப்பாட்டு மேசையைச் சுத்த ஆரம்பிச்சுடுவார். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்பார். இதுதான் வீடுன்னா நம்ப மாட்டார். விழுந்துடப் போறாரேன்னு நான் பின்னாலயே சுத்துவேன். ரெண்டு மணி நேரம். கடையில எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, அப்புறம் இது.” சட்டையைத் திருப்பிப் போட்டாள். “செக்குல எண்ணெயாவது வரும்னு சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. அதையும் எழுதியிருப்பியே?”

எழுதியிருந்தார். எடுத்துக்காட்டு வாக்கியமாகவே போட்டிருந்தார்.

ஒரு வாடிக்கையாளர் வந்து சீட்டைக் கொடுத்தார். பாப்பா கம்பியில் எண்ணைத் தேடி, கோட்டை எடுத்துக் கொடுத்து, முகம் நிறைய சிரித்து அனுப்பினாள். திரும்பி வந்தபோது அந்தச் சிரிப்பைக் காணவில்லை. “ம், சொல்லு,” என்றாள்.

நாக்குத் தள்ளினது, மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் ஒன்பது நாள் பழுதாகிக் கிடந்தபோது. அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போக, பாப்பாவும் கட்டடக் காவலாளியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதிப் படியில் அப்பா பயந்துபோய் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார், கீழே போகும்வரை விடவில்லை. புலிவாலைப் பிடித்தது, தூக்க மாத்திரை ஆரம்பித்தபோது. கொடுத்தால் நடக்கும்போது விழுகிறார், கொடுக்காவிட்டால் தூங்க மாட்டேனென்கிறார், விடவும் முடியவில்லை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இருந்தது, இன்னும் ஆறு மாசத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் போகுமென்று மருத்துவர் சொன்ன நாள். வெளியே வந்ததும் அப்பா, “என்னம்மா சொன்னார் டாக்டர்? எல்லாம் நல்லாயிருக்காமா?” என்று கேட்டாராம். நல்லாயிருக்குப்பா என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்று முந்தானையால் மூக்கைச் சிந்தினாளாம்.

அட்டைக்காரர் எழுதிக்கொண்டேதான் இருந்தார். பதினாலு, பதினைந்து அட்டை வரைக்கும் எழுதினார். சூழல் கட்டம் ரொம்பச் சின்னது, ஒரு வரிக்குத்தான் இடம். அவள் சொல்வது ஒன்றும் அதற்குள் அடங்குவதாக இல்லை.

“முள்ளு மேல நிக்கிற மாதிரி இருக்கு. செப்டம்பர் இருபத்தொண்ணு,” என்று அடுத்ததை வாசித்தார். “இதுக்கு நான் உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கு. முள்ளு மேலயா நெருப்பு மேலயான்னு.”

பாப்பாவின் கால் மிதியில் அப்படியே நின்றது. ஆவி கிளம்பிக்கொண்டே இருந்தது. பிறகு காலை எடுத்தாள்.

“அதை மட்டும் எழுதாதே.”

“சரி.”

“அப்பாவைப் பார்த்துக்க வந்துட்டிருந்த அம்மா நின்னுட்டாங்க. வேற ஆள் கிடைக்கல. இங்க லீவு கேட்டா வேலையே போயிடும். அவரை உள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்தேன் அண்ணா. வெளிப்பக்கம் பூட்டு. மூணு வாரம். இந்த மேசைகிட்ட நின்னுக்கிட்டு, இப்போ அடுப்புகிட்ட போவாரோ, இப்போ ஜன்னல்கிட்ட போவாரோன்னு... மத்தியானம் ஓடிப்போய்த் திறந்தா, கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டிருப்பார். ‘யாரோ தெரியாம பூட்டிட்டாங்கம்மா, நல்லவேளை நீ வந்தே’ம்பார். யாரு பூட்டினான்னு அவருக்குத் தெரியாது. என்கிட்ட நன்றி சொல்லுவார்.”

அட்டைக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“பாப்பா... நீ இதெல்லாம் என்கிட்ட சொல்லியிருக்கலாமே,” என்றார். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிரே முப்பத்தொரு அட்டை, அத்தனையும் அவர் கையெழுத்து. சொல்லவில்லை என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

பாப்பா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“முதல்ல எனக்கும் பெருமையாத்தான் இருந்துது,” என்றாள். “பத்தாவதுகூடத் தாண்டாத என் பேச்சு புத்தகத்துல வரப்போகுதுன்னு பக்கத்து வீட்ல எல்லாம் சொல்லிக்கிட்டேன். அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சுது. அப்பா சாப்பிட்டாரா, தூங்கினாரான்னு சாதாரணமா பேசினா, உம் உம்னு கேட்டுட்டு நீ போனை வெச்சுடுவே. நல்லதா ஒண்ணு எடுத்து விட்டா உன் குரலே மாறிடும். இரு இரு, மறுபடி சொல்லும்பே. இன்னும் அஞ்சு நிமிஷம் பேசுவே. வாரத்துல மனுஷங்ககூட நான் பேசுறதே அந்த நேரம்தான். அதனால வாரம் பூரா யோசிச்சு வெச்சுப்பேன், ஞாயித்துக்கிழமை அண்ணனுக்கு என்ன சொல்லலாம்னு. கடைக்கு வர்றவங்க பேசுறதைக் கேட்டு மனசுல குறிச்சுப்பேன். கடைசியில வாரத்துக்கு ஒண்ணு சொன்னேனே, அதெல்லாம் அப்படி வந்ததுதான். நீ போனை வைக்காம இருக்கணுமேன்னு சொன்னது.”

அட்டைக்காரருக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றார். நின்று மட்டும் என்ன செய்ய? மேசையின் அந்தப் பக்கம் போகவும் கூச்சமாக இருந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. ஒரு வார்த்தை சொன்னியா என்று இவளிடமா கேட்டோம், அதுவும் அந்தக் கத்துக் கத்தினோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

“தப்பு பண்ணிட்டேன் பாப்பா. பெரிய தப்பு.”

“நான் சண்டை போடல. நீ கேட்டே, சொல்றேன்.” அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். “ஆனா ஒண்ணு மட்டும் நான் உன்னைக் கேட்கணும். நவம்பர்ல ஒரு புதன்கிழமை நானே உனக்கு போன் பண்ணினேன். உன் ஆபீசுக்கு. அது அதுல இருக்கா பாரு.”

அட்டைக்காரர் கட்டைப் புரட்டினார். நவம்பரில் நாலு அட்டைகள் இருந்தன. ரெண்டு, ஒன்பது, பதினாறு, இருபத்துமூன்று. நாலும் ஞாயிறு. மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

“இல்லையே.”

“உனக்கு ஞாபகமாவது இருக்கா?”

யோசித்தார். பொய் சொல்லலாமென்று ஒரு கணம் தோன்றியது. அந்த நவம்பரில் எந்தத் தொடருக்கு எந்த ஊகம் எழுதினோம் என்பது வரி வரியாக நினைவிருந்தது. தங்கை புதன்கிழமை போன் செய்தது அடியோடு நினைவில்லை.

“இல்ல பாப்பா.”

“இருக்காது. அன்னிக்கு நான் எடுப்பா ஒண்ணும் சொல்லல. யோசிச்சு வெக்க நேரமில்ல. ‘அண்ணா, என்னால முடியல. அப்பாவுக்கு இன்னும் உன்னைத் தெரியுது. இப்பவே வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போ’ன்னு சொன்னேன். அவ்வளவுதான். நீ, ‘இந்த மாசம் நெருக்கடி பாப்பா, அடுத்த மாசம் பார்ப்போம்’னே.”

வெளியே ஏதோ வண்டி நின்று, ஒலி எழுப்பி, போனது. பாப்பா குரலை உயர்த்தவே இல்லை.

“நீ வருவேன்னு அவர்கிட்ட நான் முன்னாடியே சொல்லித் தொலைச்சுட்டேன். அந்த வாரம் பூரா வாசல் மணி அடிச்சா போதும், உன் பேரைச் சொல்லி, ‘வந்துட்டானா?’ன்னு எழுந்து வருவார். கேஸ்காரன் வந்தாலும் அப்படித்தான், தபால்காரன் வந்தாலும் அப்படித்தான். சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் கேட்கல. சரி, மறந்திருப்பார், ஞாபகப்படுத்துவோமேன்னு, ‘அப்பா, உங்க பையன் எங்கப்பா?’ன்னு நானே கேட்டேன். ‘எனக்கு ஏதும்மா பையன்?’னார். இல்லத்துல விட்டது அதுக்கப்புறம் மூணு மாசம் கழிச்சு.”

மாட்டிக்கொண்டவன் சொல்ல முந்நூறு தொடர் சேர்த்து வைத்திருந்த மனுஷனுக்கு ஒன்றுகூட வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவும் தோன்றாமல் குழந்தை மாதிரி நின்று அழுதார். பாப்பா ஒரு முழு சட்டையைத் தேய்த்து முடித்து, கம்பியில் மாட்டி, கழுத்தில் எண் சீட்டைக் குத்தினாள். அவளுக்கும் மூக்கு சிவந்திருந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

“இப்போ போனா பார்க்க விடுவாங்களா?” என்று கேட்டார்.

“நாலிலேருந்து ஆறு வரைக்கும் விடுவாங்க.”

“நீ வரியா?”

“நான் தினம் போறேன். இன்னிக்கு நீ தனியா போ.”

அட்டைகளைப் பொறுக்கி ரப்பர் வளையத்துக்குள் திணித்து, மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். வாசல் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து பாப்பாவின் குரல் வந்தது.

“உள்ள போனதும் முதல்ல நீ யாருன்னு சொல்லிடு அண்ணா. அவரா கண்டுபிடிப்பார்னு காத்துக்கிட்டு நிக்காதே.”

“என்னன்னு சொல்லட்டும்?”

“மகன்னு சொல்லு,” என்றாள் பாப்பா. “நம்ப மாட்டார். திரும்பவும் சொல்லு.”